இருமுறை பிறந்த பெயர்: தோரியம்

(தனிமங்களின் பெயர் வரலாறு)

1815ஆம் ஆண்டு சுவீடனின் ஃபாலுன் செப்புச் சுரங்கப் பகுதியில் கிடைத்த அரிய கனிமத் துண்டுகள் சில யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸின் கைக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது 36. செரியம் என்ற தனிமத்தை ஹிசிங்கரோடு சேர்ந்து 1803லேயே கண்டவர் அவர். தனிமங்களை எழுத்துகளால் குறிக்கும் இன்றைய முறையை வகுத்தவரும் அவரே. அந்தத் துண்டுகளைக் கரைத்தும் வீழ்படிவாக்கியும் பார்த்தபோது அதுவரை தெரிந்த எதனோடும் பொருந்தாத ஒரு வெள்ளைப் பொருள் மிஞ்சியது. நீரில் கரையாத, தீக்கு அசையாத இத்தகைய ஆக்சைடுகளை அக்கால வேதியியலர் ‘மண்’ என்றே வகைப்படுத்தினார்கள். தாம் கண்டது ஒரு புது மண் என்று பெர்சீலியஸ் முடிவு கட்டினார். ஸ்காண்டிநேவியப் பழங்கதைகளில் சுத்தியல் ஏந்தி வரும் இடிக்கடவுள் தோரின் பெயரை அதற்கு வைத்தார்.

அப்படி ஒரு தனிமம் அந்தக் கனிமத்தில் இல்லை. அதே கனிமம் பிறகு நார்வேயின் தென்பகுதியிலும் கூடுதலாகக் கிடைத்தது. மறுபடி சோதித்தபோது அது பெரும்பாலும் இட்ரியம் பாஸ்பேட் என்று தெரிந்தது. இட்ரியம் அதற்கு முன்பே அறியப்பட்ட தனிமம். பாஸ்பேட்டாகச் சேர்ந்திருந்ததால் அதன் வழக்கமான குணங்கள் மறைந்து, புதிய ஒன்றைப்போலத் தோற்றம் காட்டியிருக்கிறது. 1820களின் நடுவில் பெர்சீலியஸ் தம் கண்டுபிடிப்பைத் தாமே திரும்பப் பெற்றார். ஐரோப்பிய வேதியியலின் உச்சியில் இருந்தபோது, யாரும் வற்புறுத்தாமலே அதைச் செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த மனிதரின் இயல்பைக் காட்டும் ஒரு செய்தியை அவருடைய மாணவர் ஃபிரெடரிக் வோலர் எழுதிவைத்திருக்கிறார். ஸ்டாக்ஹோமில் பெர்சீலியஸின் ஆய்வுக்கூடம் அவர் வீட்டிலேயே இருந்தது. சமையல் செய்த ஆன்னா என்ற பெண்தான் ஆய்வுக் கலங்களையும் கழுவுவாள். ஒருநாள் ஒரு கலத்தில் ஆக்சிஜனேறிய மூரியாட்டிக் அமிலத்தின் நெடி அடிக்கிறது என்று அவள் சொல்ல, இனி அப்படிச் சொல்லாதே, குளோரின் என்று சொல் என்றாராம் பெர்சீலியஸ். குளோரின் ஒரு தனிமம் என்பதைப் பல ஆண்டுகள் மறுத்து வந்தவர் அவர். சான்றுகள் குவிந்ததும் தம் கொள்கையை மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தைச் சமையலறைவரை கொண்டுபோனார்.

எல்லோரும் அவரிடம் இந்தப் பெருந்தன்மையோடு நடந்துகொள்ளவில்லை. பிரான்சின் கனிமவியலர் பியூடான் 1832இல் அந்த இட்ரியம் பாஸ்பேட் கனிமத்துக்கு ஒரு பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘வீண் பெருமை’ என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. அவசரப்பட்டுப் புதுத் தனிமம் கண்டதாக அறிவித்த பெர்சீலியஸுக்கு வைத்த குட்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. அச்சில் முதல் எழுத்து மாறிப்போக, ‘க்செனோடைம்’ என்ற உருவிலேயே அது நிலைத்துவிட்டது. கண்டனமாகப் பிறந்த பெயர், எழுத்து மாறியதால் தன் கண்டனத்தை இழந்து இன்றும் கனிமவியல் நூல்களில் நிற்கிறது.

ஆனால் பியூடான் குட்டு வைப்பதற்கு முன்பே ‘தோர்’ என்ற பெயருக்கு உண்மையான உரிமையாளன் வந்துவிட்டான்.

1828இல் நார்வேயின் லோவோயா தீவில், மார்ட்டன் திரானே எஸ்மார்க் என்ற பாதிரியார் பாறைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது கறுத்த, கனத்த ஒரு கனிமத்தைக் கண்டார். அவருடைய தந்தை யென்ஸ் எஸ்மார்க் இன்றைய ஓஸ்லோவில் கனிமவியல் பேராசிரியர். மகன் அனுப்பியதைத் தந்தையாலும் இனம்காண முடியவில்லை. அவர் அதை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பிவைத்தார். பெர்சீலியஸ் அதைப் பகுத்தபோது, எடையில் பாதிக்கு மேல் அதுவரை எவரும் அறியாத ஓர் ஆக்சைடு இருந்தது. இம்முறை ஐயத்துக்கு இடமில்லை. 1829இல் அவர் முடிவை வெளியிட்டார். கைவிட்ட பெயரை எடுத்துத் தனிமத்துக்குத் தோரியம் என்றும் கனிமத்துக்குத் தோரைட் என்றும் சூட்டினார்.

ஏன் வேறு பெயர் வைக்கவில்லை? செலீனியத்துக்கு நிலவின் கிரேக்கத் தெய்வத்தின் பெயரைத் தேடி வைத்த மனிதருக்குப் பெயருக்கா பஞ்சம்? அந்தப் பெயரின் மேல் படிந்த தோல்வியை அவர் துடைக்க விரும்பினார் என்றே எனக்குப் படுகிறது. தவறாக வைத்த பெயரை வேறு சொல்லால் மூடி மறைப்பதைவிட, சரியான பொருளைக் கண்டு அதே பெயரை அதன் மேல் நிறுத்துவது நேர்மையான வழிதான்.

பெயர் நின்றுவிட்டது, ஆனால் பெயருக்குரிய உலோகத்தைத் தூய நிலையில் யாரும் பார்க்கவில்லை. பெர்சீலியஸ் தோரியத்தின் ஃபுளூரைடு உப்பைப் பொட்டாசியத்தோடு சூடேற்றி மாசு கலந்த ஒரு தூளைத்தான் பெற்றார். தூய உலோகத்தை 1914இல்தான் டச்சுக்காரர்களான லேலியும் ஹாம்பர்கரும் பிரித்தெடுத்தார்கள். இடைப்பட்ட 85 ஆண்டுகளும் தோரியம் என்றால் அதன் சேர்மங்கள்தாம்: ஆக்சைடு, நைட்ரேட், சல்பேட், ஆக்சலேட். உலோகத்தின் குணம் என்று நூல்கள் எழுதியதெல்லாம் இந்த உப்புகளின் நடத்தையிலிருந்து ஊகித்தறிந்ததே. பெயர் உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொன்னவையும் இவைதாம் என்பதை இனி வரும் கதையில் மீண்டும் மீண்டும் பார்ப்போம்.

ஆக்சைடில் தோரியத்தின் எடை ஆக்சிஜனின் எடையைப்போல 7.5 மடங்கு என்று பெர்சீலியஸ் அளந்தார். இன்றைய கணக்கு 7.25. அக்காலத் தராசை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது. ஆனால் ஒரு தோரியம் அணுவோடு ஓர் ஆக்சிஜன் அணு சேர்கிறது என்று அவர் கருதிக்கொண்டார். உண்மையில் சேர்வது இரண்டு. அதனால் 232 ஆக இருக்க வேண்டிய அணு எடை 120 என்று பாதியாகக் குறுகியது. இந்தத் தவறு மெண்டலீவின் முதல் அட்டவணைவரை வந்தது. 1869இல் அவர் தோரியத்துக்கு 118 என்று போட்டு, அருகில் ஒரு கேள்விக்குறியும் இட்டார். இரண்டே ஆண்டில், 1871இல், நான்கு இணைதிறன் கொண்ட தனிமங்களின் நிரலில் 231 என்ற எடையோடு அதை அமர்த்தினார். தோரியத்தின் இணைதிறன் ஏறக்குறைய எப்போதும் நான்குதான். அதன் பக்கத்து வீட்டு யுரேனியம் பல இணைதிறன்களில் மஞ்சள், பச்சை என்று நிறம் காட்ட, தோரியத்தின் உப்புகள் பெரும்பாலும் வெள்ளை. இந்த மாறாத தன்மையால்தான் அதை நெடுநாள் டைட்டேனியம், சிர்க்கோனியம் வரிசையிலேயே வைத்திருந்தார்கள். 1945இல் சீபோர்க் ஆக்டினைடு வரிசையை முன்வைத்த பிறகே தோரியம் அங்கிருந்து இடம் பெயர்ந்தது.

வெள்ளை உப்பு, உருகாத ஆக்சைடு என்றிருந்த இந்தத் தனிமத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் வியன்னாவின் கார்ல் அவர் ஃபோன் வெல்ஸ்பாக்.

ஹைடல்பர்க்கில் புன்செனிடம் பயின்ற அவர் அருமண் தனிமங்களில் ஊறியவர். டிடிமியம் என்று ஒரே தனிமமாக எண்ணப்பட்டதை 1885இல் பிரேசியோடைமியம், நியோடைமியம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. அருமண் உப்புக் கரைசலில் பருத்தி நூலை நனைத்துச் சுடரில் காட்டினால், நூல் எரிந்துபோன பிறகும் ஆக்சைடு அந்த நூலின் வடிவிலேயே நின்று ஒளிர்வதை அவர் கவனித்தார். அதைக்கொண்டு 1885இல் செய்த முதல் விளக்கு வலைகள், அதாவது மேண்டில்கள், மக்னீசியம், லாந்தனம், இட்ரியம் ஆக்சைடுகளால் ஆனவை. ஒளி பச்சை பாய்ந்திருந்தது. பின்னலும் எளிதில் உதிர்ந்தது. வாணிகம் படுத்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1891இல் சரியான கலவை கிடைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு செரியம் ஆக்சைடு. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் வியன்னாவில் ஓபரா அரங்கையொட்டிய காப்பிக் கடை வாசலில் அந்த விளக்கு எரிந்தது.

இந்த விகிதத்தில் உள்ள நுட்பம் இது. தோரியம் ஆக்சைடு தனியாகச் சுடரில் நின்றால் மங்கலாகத்தான் ஒளிரும். ஆனால் அது வெப்பக் கதிர்களை அதிகம் வெளிவிடுவதில்லை. ஆகவே சுடரில் மிக உயர்ந்த வெப்பத்துக்குப் போகும். அது உருகுவதற்கு ஏறத்தாழ 3,300 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆக்சைடுகளில் இதுவே உச்சம். அந்தச் சூட்டில் ஒரே ஒரு பங்கு செரியம் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளி பீறிடுகிறது. செரியத்தைக் கூட்டினால் வெப்பம் சிதறி ஒளி மறுபடி குறைகிறது. பெர்சீலியஸ் கண்ட இரண்டு தனிமங்கள் இப்படி ஒரு விளக்கில் ஒன்று சேர்ந்தன.

தமிழ்நாட்டில் கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் தெருக்கூத்துக்கும் வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் லைட்டில் இருந்தது இந்த மேண்டில்தான். புது மேண்டிலைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்ப் அடித்து ஏற்றிய கைகளுக்கு ஒன்று தெரியும்: ஒருமுறை எரிந்த மேண்டில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். நனைத்து உலர்த்திய நூல் வலையில் இருப்பது தோரியம் நைட்ரேட். முதல் சுடரில் நூல் சாம்பலாகி, நைட்ரேட் சிதைந்து, தோரியம் ஆக்சைடின் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. வேதியியல் வகுப்பில் ஒரு வரியாகப் படிக்கும் வினையை நம் ஊர்களில் விளக்கேற்றியவர்கள் மாலைதோறும் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் மேண்டிலுக்கு மாறியதும் நார்வேயின் தோரைட் போதவில்லை. தேடல் மோனசைட் என்ற கனிமத்தின் பக்கம் திரும்பியது. இது அருமண்களின் பாஸ்பேட். உள்ளே தோரியமும் கலந்திருக்கும். பிரைட்ஹாப்ட் என்ற ஜெர்மானியர் அதற்கு 1829இல், அதாவது பெர்சீலியஸ் தோரியத்தை அறிவித்த அதே ஆண்டில், தனித்திருப்பது என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். அந்த ஆண்டில் இரண்டு பெயர்களுக்கும் ஒட்டுறவு உண்டென்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் கரோலினாவிலும் பிறகு பிரேசில் கடற்கரையிலும் மோனசைட் வாரப்பட்டது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்தத் தடம் பிடித்து வந்தவர் மணவாளக்குறிச்சியில் நின்றார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பழைய பாறைகளை மழையும் ஆறுகளும் அரித்துக் கடலில் சேர்க்கின்றன. கடலலை அந்த மணலைப் புடைத்து, லேசான குவார்ட்சை ஒதுக்கி, கனத்த இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் மணிகளைக் கரையில் கறுப்பும் சிவப்புமாகக் குவிக்கிறது. இந்த மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 விழுக்காடு; பிரேசில் சரக்கில் 6 விழுக்காட்டளவுதான். சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் தொழில் ஜெர்மானியரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

மணலிலிருந்து தோரியத்தைப் பிரிப்பது எளிதன்று. மோனசைட் சாதாரண அமிலத்துக்கு மசியாது. கொதிக்கும் அடர் கந்தக அமிலத்திலோ அடர் காஸ்டிக் சோடாவிலோ வேகவைத்தால்தான் உடையும். கரைந்ததும், கூடவே வரும் செரியம், லாந்தனம் கூட்டத்திலிருந்து தோரியத்தைப் பிரிக்க வேண்டும். இங்கேதான் அதன் உப்புகளின் குணம் கைகொடுக்கிறது. தோரியம் ஹைட்ராக்சைடு, அருமண்களின் ஹைட்ராக்சைடுகளுக்கு முன்னதாகவே, அமிலம் சற்றுக் குறைந்ததுமே வீழ்படிந்துவிடும். தோரியம் சல்பேட்டுக்கு இன்னொரு விந்தையான குணம்: பனிக்கட்டிக் குளிர்ந்த நீரில் கரைந்திருப்பது, சூடேற்றினால் படிந்து இறங்கும். இப்படித் திரும்பத் திரும்பக் கரைத்து, படியவைத்து, கடைசியில் நைட்ரேட்டாக்கி மேண்டில் ஆலைக்கு அனுப்பினார்கள். பல்லாயிரம் டன் மணல் இந்த வழியில் போனது. மிஞ்சிய கழிவு குவிந்து கிடந்தது. அந்தக் கழிவுக்கும் பிறகு விலை வந்த கதை சற்றுப் பொறுத்து வரும்.

மேண்டில் வாணிகம் கொழித்த காலத்தில்தான் தோரியத்தின் மறுபக்கம் வெளிப்பட்டது. 1898இன் தொடக்க மாதங்களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் பாரிசில் மேரி கியூரியும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: யுரேனியத்தைப்போலத் தோரியமும் கதிர் வீசுகிறது. கதிரியக்கம் என்ற பெயரே அவ்வாண்டு ஜூலையில்தான் வழக்குக்கு வந்தது. தோரியத்தின் கதிர்வீச்சு மிக மெதுவானது. இருப்பதில் பாதி சிதைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்போர்டும் ஓவன்ஸும் தோரியம் ஆக்சைடை அளந்தபோது, கதவு திறந்து காற்று வீசினால் அளவு குறைவதைக் கண்டார்கள். ஆக்சைடிலிருந்து ஏதோ ஒரு வாயு கசிகிறது. காற்று அதை அடித்துப் போகிறது. அந்த வாயு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாகிறது என்று 1900இல் ரூதர்போர்டு எழுதினார். அரை ஆயுள் என்ற கருத்து அந்தத் தோரியம் வாயுவிலிருந்தே வந்தது. பிறகு சாடி என்ற வேதியியலர் ரூதர்போர்டோடு வந்து சேர்ந்தார். தோரியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியா ஊற்றினால் தோரியம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. கதிர்வீச்சின் பெரும்பகுதியோ படியாமல் கரைசலிலேயே தங்குகிறது! தங்கியதற்குத் ‘தோரியம் எக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். 1901 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திரும்பிப் பார்த்தபோது எக்ஸ் தன் வீரியத்தை இழந்திருந்தது. படிந்த தோரியமோ இழந்ததைத் திரும்பப் பெற்றிருந்தது. ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு தனிமம் வேறு தனிமமாக மாறும் என்பதை மனிதன் முதன்முதலாக உறுதியோடு கண்டது இந்தச் சாதாரண வீழ்படிவு வினையில்தான். ரசவாதிகள் என்று நம் தலையை வாங்கிவிடுவார்கள், தனிம மாற்றம் என்ற சொல்லை எடுக்காதே என்று ரூதர்போர்டு சாடியைத் தடுத்ததைச் சாடியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதன் பிறகு பெயர்மழை. வட கரோலினாவில் சார்ல்ஸ் பாஸ்கர்வில், தோரியம் என்பதே ஒரு கலவை, அதில் ‘கரோலினியம்’, ‘பெர்செலியம்’ என்ற இரண்டு புதுத் தனிமங்கள் உள்ளன என்று 1904இல் அறிவித்தார். எந்தப் பெர்சீலியஸ் ஆதாரம் போதாது என்று தம் பெயரைத் திரும்பப் பெற்றாரோ அவருடைய பெயரிலேயே ஆதாரமில்லாத தனிமம்! வேறு எவரும் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. இரண்டு பெயர்களும் மறைந்தன.

அதே 1904இல் இலங்கையிலிருந்து ஒரு நல்ல பெயர் வந்தது. கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக அப்போது இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். இந்தியக் கலை வரலாற்றின் பேராசானாக நாம் அறிந்த அவர் இலண்டனில் படித்தது நிலவியல். சபரகமுவ மாகாணத்தில் பலாங்கொடைப் பக்கத்து ஓடைச் சரளைகளில் கிடைத்த கறுப்புக் கன சதுரப் படிகங்களை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் அவற்றை யுரேனினைட் என்றே எண்ணினார். இலண்டனில் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. ஆகவே அதற்குத் தோரியனைட் என்று பெயராயிற்று. சிவதாண்டவத்தைப் பற்றி எழுதிய அறிஞரின் பெயர் தோரியத்தின் வரலாற்றிலும் இருப்பது நம்மில் பலர் அறியாதது. நம் பள்ளிப் பாடங்களில் அதற்கு இடம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தோரியனைட் இலண்டனில் ராம்சேயின் ஆய்வகத்துக்குப் போனது. அதிலிருந்து எடுத்த பேரியம் உப்பை, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞரிடம் கொடுத்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார் ராம்சே. ஹான் பிரித்தபோது ரேடியத்தோடு வேறொன்றும் வந்தது. தோரியத்தைவிடப் பன்மடங்கு கதிர் வீசிய அதற்கு 1905இல் ‘ரேடியோதோரியம்’ என்று பெயரிட்டார். அமெரிக்க வேதியியலர் போல்ட்வுட் இதை நம்பவில்லை. இது தோரியம் எக்ஸும் மடமையும் சேர்ந்த சேர்மம் என்று ரூதர்போர்டுக்கு எழுதினார். ஹான் சொன்னதே சரியாக இருந்தது. போல்ட்வுட்டும் 1907இல் யுரேனியக் கனிமத்திலிருந்து ஒன்றைக் கண்டு ‘அயோனியம்’ என்றார். அதே ஆண்டு ஹான் ‘மீசோதோரியம்’ கண்டார். மேண்டில் ஆலைகளின் கழிவு என்றேனே, அதில் இருந்தது இதுதான். ரேடியத்தைவிட மலிவாகக் கிடைத்ததால் மருத்துவத்துக்கும் இருட்டில் ஒளிரும் கடிகார முகங்களுக்கும் பயன்பட்டது.

இனிதான் சேர்மங்களின் தீர்ப்பு. ரேடியோதோரியத்தைத் தோரியத்தோடு கலந்துவிட்டால் மறுபடி பிரிக்க முடியவில்லை. ஹைட்ராக்சைடு, சல்பேட், ஆக்சலேட், நைட்ரேட் என எந்த உப்பாக்கினாலும் இரண்டும் ஒன்றாகவே கரைந்தன; ஒன்றாகவே படிந்தன. அருமண்களைப் பிரிப்பதில் உலகிலேயே தேர்ந்த கைகளான வெல்ஸ்பாக்கும் அயோனியத்தைத் தோரியத்திலிருந்து பிரிக்க முயன்று தோற்றார். 1912இல் மான்செஸ்டரில் ரஸ்ஸலும் ரோஸியும் அயோனியத்தின் நிறமாலையைப் பார்த்தார்கள். தோரியத்தின் கோடுகளுக்கு மேல் புதிதாக ஒரு கோடுகூட இல்லை. கெட்டிக்காரர்கள் எல்லோரும் தோற்ற இடத்தில் சாடி வேறு கேள்வி கேட்டார்: பிரிக்கவே முடியாதவை ஒரே தனிமமாக ஏன் இருக்கக்கூடாது? எடை வேறு, ஆயுள் வேறு, வேதியியல் ஒன்று. 1913இல் இவற்றுக்கு அவர் ஐசோடோப்பு என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் கிளாஸ்கோவில் அவர் அறிந்த மருத்துவரும் எழுத்தாளருமான மார்கரெட் டாட்.

எடை உண்மையில் வேறுதானா? வியன்னாவின் அயோனியம் சேர்ந்த தோரியத்தை ஹோனிக்ஷ்மிட் 1916இல் அளந்தார்: 231.51. சாதாரணத் தோரியம் அவர் கணக்கில் 232.12. தோரியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது என்றால், தோரியக் கனிமத்தில் உள்ள ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று சாடி கணித்தார். சோதனைக்கு அவர் எடுத்தது இலங்கைத் தோரைட். அதிலிருந்து வந்த ஈயத்தின் அணு எடை 207.7 என்று நிலைநாட்டப்பட்டது. சாதாரண ஈயத்துக்கு 207.2. ஐசோடோப்புக் கொள்கைக்கு முதலில் கிடைத்த வலுவான சான்றுகளில் இதுவும் ஒன்று.

இத்தோடு பெயர்கள் வரிசையாகச் சரிந்தன. ரேடியோதோரியம் என்பது 228 எடையுள்ள தோரியம். அயோனியம், 230. ரேடியோ ஆக்டினியம், 227. யுரேனியம் ஒய், 231. யுரேனியம் எக்ஸ்1, 234. ஆளுக்கொரு நகரில் ஆளுக்கொரு பெயரில் பிறந்த ஐவரும் தோரியம்தான். தோரியம் எக்ஸும் மீசோதோரியமும் பெயரில் தோரியத்தைச் சுமந்தாலும் ரேடியத்தின் ஐசோடோப்புகள். மெக்கிலில் காற்றோடு போன வாயு ரேடானில் ஒன்று. அதற்குத் தோரான் என்ற பழைய பெயர் மட்டும் இன்றும் ஆய்வாளர் பேச்சில் இருக்கிறது. கடலடிப் படிவுகளின் வயதைக் கணிப்போர் அயோனியத்தையும் முற்றிலும் விட்டுவிடவில்லை.

தோரியம் ஆக்சைடின் வரலாற்றில் ஒரு துயரப் பக்கமும் உண்டு. கனத்த அணு எக்ஸ் கதிரை நன்றாகத் தடுக்கும் என்பதால், 1930 வாக்கில் நுண்துகள் தோரியம் ஆக்சைடை நீரில் மிதக்கவிட்டுத் தோரோட்ராஸ்ட் என்ற பெயரில் நோயாளிகளின் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். மூளையின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்க மருத்துவர் எகாஸ் மோனிஸும் இதைப் பயன்படுத்தினார். படம் துல்லியமாக விழுந்தது. நோயாளிக்கு உடனடி வலி எதுவும் இல்லை. ஆனால் மேண்டிலில் எது சிறப்போ அதுவே இங்கே நஞ்சானது. எதிலும் கரையாத அந்த ஆக்சைடை உடலால் வெளியேற்ற முடியவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, வாழ்நாள் முழுதும் ஆல்ஃபா கதிர் வீசியது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. கதிரியக்கம் உள்ள பொருள் என்று தெரிந்தேதான் ஏற்றினார்கள். எச்சரிக்கைகள் அப்போதே எழுந்தும் 1950கள்வரை நிற்கவில்லை. அந்த மக்களுக்கு இழைக்கப்பட்டது பெரும் அநீதி.

1940களில் தோரியத்துக்கு இன்னொரு மதிப்பு வந்தது. நியூட்ரான் ஒன்றை விழுங்கிய தோரியம், இரண்டு படி மாறி, அணு உலைக்கு எரிபொருளாகும் யுரேனியம்-233 ஆகிறது. 1946, 47இல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் மோனசைட்டை வைத்துப் பேசிய பேரம், 1950இல் உருவான இந்திய அருமண் நிறுவனம், 1952இல் திறந்த ஆலுவா ஆலை, 1996 அக்டோபரில் கல்பாக்கத்தில் யுரேனியம்-233ஐக் கொண்டு இயங்கத் தொடங்கிய காமினி உலை எல்லாம் அதன் தொடர்ச்சி. அந்த இரண்டு படிகளுக்கு நடுவே 27 நாள் அரை ஆயுளோடு நிற்கும் ஒரு தனிமம் உண்டு. 1913இல் அதற்கு பிரேவியம் என்று பெயர். 1918இல் ஹானும் லிசே மைட்னரும் புரோட்டோ ஆக்டினியம் என்றார்கள். 1949இல் ஓர் எழுத்து குறைந்து புரோட்டாக்டினியம் ஆயிற்று. அடுத்த பகுதி அதைப் பற்றியது.

(தொடரும்)